பிழையே இல்லாத லிஃப்டுக்கு ஒரு பாராட்டுரை

இந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவராகவும் இன்றைய விழாவின் தலைவராகவும் இரட்டைச் சுமை சுமந்து வீற்றிருக்கும் அம்மையார் அவர்களே! அவருக்கு வலப்புறம், வருவோரையும் போவோரையும் வரிசையில் நிற்கவைத்தே பழகிய நிர்வாக அதிகாரி அவர்களே! அவர் அமைத்து, அவரே தலைமை தாங்கி, அவரே கேடயமும் வாங்கவிருக்கும் பிழை ஒழிப்புக் குழுவின் பெருமக்களே! கண்ணுறக்கம் துறந்து கட்டிலோரம் காவல் நிற்கும் தாதியர் தங்கைகளே! சமையற்கூடத்துச் சகோதரர்களே, சலவைக்கூடத்துச் சகோதரிகளே! கட்டுப்போட்ட காலோடு வந்து காது கொடுக்கும் பெரியோர்களே! தோளில் உறங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று கைதட்டாமல் தலையை மட்டும் ஆட்டும் தாய்மார்களே! முதல் வரிசையில், சக்கர நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு, "இவ என்னத்தைப் பேசிடப் போறா" என்ற பார்வையோடு அமர்ந்திருக்கும் என் மாமியார் அவர்களே! உங்கள் அனைவரையும் இரு கரம் குவித்து வணங்குகிறேன்.

மன்னிக்க வேண்டும். வணங்கிய கையை மேசையில் வைத்தேன், மேசை ஆடிவிட்டது, தலைவர் அவர்களின் கோப்பில் தண்ணீர் சிந்திவிட்டது. "விடுங்க, அது எப்பவும் ஆடுற மேசைதான்" என்கிறார் தலைவர். எப்போதும் ஆடுகிறது என்றால் சரி. எப்போதாவது ஆடினால்தானே இங்கே அதைப் பிழை என்பார்கள்!

என்னை எதற்காக அழைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நோயாளிகளைப் படுக்கையோடு ஏற்றி இறக்கும் பெரிய லிஃப்ட் இருக்கிறதே, அதை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்து பொருத்தியது நான் வேலை பார்க்கும் நிறுவனம். பெட்டிக்குப் பொறியாளர் நான். அந்த லிஃப்டின் பிழை பூஜ்யமாகிவிட்டதாம். பூஜ்யமாக்கிய குழுவுக்கு இன்று கேடயமாம். குழுவைப் பாராட்டி நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். பேசுகிறேன். பாராட்டாமல் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

தலைவருக்குப் பின்னால் பாருங்கள். கறுப்புப் பலகை, சிவப்பு எழுத்து: லிஃப்ட் பிழை, பூஜ்யம். லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் நிற்கும்போது, நிற்க வேண்டிய இடத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நின்றது என்பதை அந்தப் பலகை காட்டும். பல வாரங்களாகப் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. எண்ணிப் பாருங்கள்! கடிகாரத்தில் பிழை உண்டு. தராசில் பிழை உண்டு. கற்றவன் பேச்சில் பிழை உண்டு, கட்டியவன் வீட்டில் பிழை உண்டு. இந்த ஒரு லிஃப்டில் மட்டும் பிழையே இல்லை என்றால், அது லிஃப்டா, தெய்வமா? தெய்வம் என்றால் நாம் ஏறலாமா, எட்ட நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டுமா?

மேடையில் இருப்பவர்கள் எட்ட நின்றே கும்பிட்டிருக்கிறார்கள். நான்காம் தளத்தில் இருக்கிறது இந்த அரங்கம். லிஃப்டில் ஏறி வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒருவருமில்லை! நிர்வாக அதிகாரி அவர்கள் படியேறி வந்து, தூணைப் பிடித்து நின்று மூச்சு வாங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். என்ன சொல்கிறீர்கள் ஐயா? "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்கிறார். நல்ல டாக்டர். மேடையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஒரே மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பெட்டியின் சங்கதிக்கு வருகிறேன். அது வேலை செய்யும் முறைக்கு மாடல் ரெஃபரன்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோல் என்று பெயர். பின் வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். உட்காருங்கள் ஐயா, பெயர்தான் பெரிசு. விஷயம் உங்கள் வீட்டு விஷயம்.

சின்ன வயதில் நாம் எல்லோரும் கையெழுத்து நோட்டு எழுதியிருக்கிறோம். பக்கத்தின் தலையில் ஒரு வரி, அழகாக, அச்சில். அதைப் பார்த்து அடுத்த வரியில் நாம் எழுத வேண்டும். அச்சு வரியையும் நம் வரியையும் ஒப்பிட வேண்டும். கொம்பு சாய்ந்ததா? நிமிர்த்து. சுழி பெருத்ததா? சிறுக்கு. அவ்வளவுதான்! மேலே இருப்பது மாதிரி. கீழே இருப்பது நாம். நடுவில் இருப்பது பிழை. பிழையைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொள்வதுதான் கல்வி.

எங்கள் பெட்டிக்குள்ளும் அப்படி ஓர் அச்சு வரி உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு லிஃப்ட். கணக்கால் கட்டிய லிஃப்ட். அதற்குக் கயிறு கிடையாது, ஆகவே தளராது. பிரேக் கிடையாது, ஆகவே தேயாது. எத்தனை பேர் ஏறினாலும் முனகாது; தாய் தூளியை நிறுத்துவதுபோல மெல்ல வந்து தளத்தோடு தளமாக நிற்கும். நீங்கள் பொத்தானை அமுக்கியதும் அந்தக் கணக்கு லிஃப்டும் இந்த இரும்பு லிஃப்டும் ஒன்றாகப் புறப்படுகின்றன. இரும்பு லிஃப்ட் பின்தங்கினால், முந்தினால், தாழ்ந்து நின்றால், பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கிறது. அடுத்த முறை மோட்டாரை எவ்வளவு முடுக்குவது, எந்த இடத்தில் இழுத்துப் பிடிப்பது என்று தன் பிடியைத் தானே மாற்றிக்கொள்கிறது.

ஏன் மாற்ற வேண்டும்? பொருத்திய அன்று சரியாக முடுக்கிவிட்டால் போதாதா? போதாது அம்மா, போதவே போதாது! காலையில் ஏறுவது ஒரு தாதி, கையில் ஒரு வெப்பமானி. பத்து மணிக்கு ஏறுவது ஒரு கட்டில், கட்டிலில் ஒரு நோயாளி, ஆக்சிஜன் சிலிண்டர், அத்தோடு "நாங்களும் கூடவே வருவோம்" என்று அடம்பிடிக்கும் ஆறு உறவினர்கள். போன வருஷத்துக் கயிறு இந்த வருஷம் நீண்டிருக்கும். போன மாதத்து பிரேக் இந்த மாதம் தேய்ந்திருக்கும். கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் பத்து வருஷம் கழித்துப் போட்டுப் பாருங்கள், பொத்தான் சொல்லும் கதையை!

ஆகவே பெரியோர்களே, இந்தப் பெட்டிக்குப் பிழை என்பது வசை அல்ல, வழி. பிழை என்பது குற்றம் அல்ல, குரு. பிழை தெரிந்தால்தான் பெட்டிக்குப் பிழைப்பு.

இதைத்தான் நம் குழு ஒழித்தது.

எப்படி ஒழித்தது? மாதக் கூட்டத்தில் எங்கள் பெட்டி வரைந்த கோடு ஒன்றைத் திரையில் போட்டார்களாம். நடந்ததை எனக்குச் சொன்னவர் யார் என்று கேட்காதீர்கள். அவர் இந்த மேடையில்தான் இருக்கிறார், முகம் வெளுத்திருக்கும். கோடு ஏறி, இறங்கி, நெளிந்து போயிருக்கிறது. மேலே "பிழை" என்று எழுதியிருக்கிறது. நிர்வாக அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"பிழையா? ஆஸ்பத்திரியில பிழையா? இதை எப்படிப் போட விட்டீங்க?"

"சார், அது இருந்தாத்தான் சார் லிஃப்ட் கத்துக்கும்."

"கத்துக்கிட்டு வேலைக்கு வரச் சொல்லுங்க. வேலைக்கு வந்து கத்துக்க இது என்ன பள்ளிக்கூடமா?"

அதற்கு "பிழை" என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்தான். "வளர்ச்சி" என்று வைத்திருந்தால் பெருக்கச் சொல்லியிருப்பார்.

பிறந்தது குழு. முதல் நடவடிக்கையாக லிஃப்டுக்குள் ஒரு வாசகம் ஒட்டினார்கள்: "பிழை தவிர்ப்போம்." கோடு நெளிந்தது. இரண்டாவதாக, குழுவினர் அனைவரும் லிஃப்டின் முன்னால் வரிசையாக நின்று, வலது கையை நீட்டி, உறுதிமொழி எடுத்தார்கள். லிஃப்ட் எடுக்கவில்லை. கோடு மேலும் நெளிந்தது. மூன்றாவதாக ஓர் ஆணை: அடுத்த கூட்டத்துக்குள் பிழை பூஜ்யமாக வேண்டும். எப்படி என்று ஆணையில் இல்லை. ஆணையில் "எப்படி" என்பது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு வயர். ஒன்று கணக்கு லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று சொல்வது. மற்றது இரும்பு லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று சொல்வது. கணக்கு லிஃப்டின் வயரைக் கழற்றித் தொங்கவிட்டார்கள். இரும்பு லிஃப்டின் வயரிலிருந்து ஓர் ஒட்டு வயர் இழுத்து அந்தத் துளையிலும் சொருகினார்கள். "மாதிரி எங்கே?" என்று பெட்டி கேட்டது, இரும்பு லிஃப்டைக் காட்டினார்கள். "நிஜம் எங்கே?" என்று கேட்டது; அதே இரும்பு லிஃப்டைக் காட்டினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? பூஜ்யம்! எத்தனை முறை கேட்டாலும் பூஜ்யம்! கயிறு அறுந்து கீழே விழுந்தாலும், விழுந்த இடமே விழ வேண்டிய இடம். பூஜ்யம்!

யார் சொருகியது என்று நான் கேட்கவில்லை. சொருகச் சொன்னது குழு. குழுவுக்குக் கை கிடையாது. கைதட்டல் மட்டும்தான் உண்டு.

என் தம்பி சின்ன வயதில் கையெழுத்து நோட்டில் இதைத்தான் செய்தான். அச்சு வரியைப் பார்ப்பதை விட்டுவிட்டான். தான் கடைசியாக எழுதிய வரியைப் பார்த்தே அடுத்த வரியை எழுதினான். பக்கத்தின் அடியில் எழுத்துகளெல்லாம் மயங்கிப் படுத்துவிட்டன. அப்பா கேட்டார். "மேல் வரியைப் பார்த்து அப்படியேதான்ப்பா எழுதினேன், ஒரு வித்தியாசம் காட்டுங்க பார்ப்போம்" என்றான். அவனுக்கு அன்று கிடைத்தது அறை. இவர்களுக்கு இன்று கிடைப்பது கேடயம். காலம் முன்னேறித்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்திருக்கும், அந்த லிஃப்டில் என் வீட்டு ஆள் ஏறாமல் இருந்திருந்தால்.

மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து இங்கே அறுவைச் சிகிச்சை நடந்தது. நல்ல சிகிச்சை, தலைவர் அவர்களின் கைக்கு என் நன்றி என்றைக்கும் உண்டு. முடிந்து வார்டுக்கு எடுத்துப் போனார்கள். நான் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். லிஃப்ட் நின்றது. தளத்துக்குத் தாழ, இரண்டு விரற்கடை தாழ நின்றது. கட்டிலின் முன்சக்கரம் வாசற்படியில் இடித்தது. புதுத் தையல் போட்ட இடுப்பு! அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏண்டி, இது நீ செஞ்ச லிஃப்ட்தானே?"

"ஆமாம் அத்தை."

"இத்தனை வருஷமா மனசுக்குள்ள வச்சிருந்து, இடுப்பொடிஞ்ச நேரம் பார்த்து உதைக்கிறியா?"

சொல்லுங்கள் தாய்மார்களே! மருமகள் செய்த லிஃப்ட் மாமியாரை உதைத்தது என்றால் ஊர் நம்புமா, "தானா நடந்தது" என்று? என் கணவரே நம்பவில்லை!

அத்தை, சிரிக்காதீர்கள், தையல் வலிக்கும்.

உதைபட்டவர் அவர் ஒருவர் அல்ல. பிள்ளை பெற்ற பெண்கள் உதைபட்டார்கள். எலும்பு முறிந்தவர்கள் உதைபட்டார்கள். புகார்கள் குவிந்தன. அவற்றை விசாரித்தது யார்? அதே குழு! இங்கேதான் அந்தக் குழுவின் அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன். அவர்கள் யோசித்தார்கள்: லிஃப்டின் பிழை பூஜ்யம், பலகையே சொல்கிறது. ஆனால் நோயாளிகள் உதைபடுகிறார்கள். லிஃப்ட் உதைக்கவில்லை என்றால் உதைப்பது யார்? லிஃப்டுக்குள் இருப்பது யார்?

லிஃப்டை ஓட்டுபவர். நீங்கள் எல்லோரும் அவரைக் கதவு அண்ணன் என்பீர்கள். ஏறும் ஒவ்வொருவரிடமும் "கதவு, கதவு, கை உள்ளே" என்று சொல்லிச் சொல்லிப் பெயரே கதவாகிவிட்டது. விசாரணை நடந்தது. கேட்ட கேள்விகளைக் கேளுங்கள்.

"பட்டனை எப்படி அமுக்குறே?"

"விரலாலதான் சார்."

"எந்த விரல்?"

"கட்டை விரல் சார்."

"ஏன் கட்டை விரல்? கோபமா?"

"இல்ல சார். மத்த விரல்ல கட்டிலைப் பிடிச்சிருப்பேன்."

ஆள்காட்டி விரலால் அமுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று அமர்வு, தேநீரோடு! பயிற்சி முடிந்தது, உதை நிற்கவில்லை. முடிவு கட்டினார்கள்: இந்த மனிதர்தான் பிழை. இவரை நீக்கினால் லிஃப்டைப் போலவே மருத்துவமனையும் பூஜ்யமாகிவிடும். வேலைநீக்க ஆணை தட்டச்சாகித் தயாராக இருக்கிறது. எங்கே? தலைவர் அவர்களின் முன்னால், சற்று முன் நான் தண்ணீர் கொட்டினேனே, அந்தக் கோப்பில்! நன்றியுரை முடிந்ததும் கையெழுத்து. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல், ஆடியவள் காலை ஒடிக்கிறார்கள்.

கையெழுத்து விழுந்தால் அவருக்கு வேலை மட்டுமா போகும்? சலவைக்கூடத்தின் பின்னால் உள்ள ஓரறைக் குடியிருப்பும் போகும். அவர் மனைவி அதோ சலவைக்கூடத்துச் சகோதரிகளோடு உட்கார்ந்திருக்கிறார், தலை நிமிரவில்லை. இன்று பிற்பகல் கதவு அண்ணன் என்னிடம் சொன்னார்: "வேலை போனா வேற வேலை தேடிப்பேன் மேடம். நோயாளிங்களை உதைச்சவன்னு எழுதிட்டாங்களே. அதை எங்க போய் அழிப்பேன்?" என்ன சமாதானம் சொல்வது? பெட்டியின் சாவியை எடுத்தேன்.

பராமரிப்புக்குப் பொறுப்பானவள் என்ற முறையில் எனக்குப் பெட்டியைத் திறக்க உரிமை உண்டு. திறந்தேன். இதோ, குழு சொருகிய வயர். மஞ்சள் நிறம், முழ நீளம். பின் வரிசைக்குத் தெரிகிறதா? கணக்கு லிஃப்டின் வயரை அதன் பழைய துளையில் சொருகினேன். நீங்களெல்லாம் வந்து சேர்ந்த பின் விழாவுக்காக லிஃப்டை நிறுத்தினார்களே, அந்த நேரத்தில்! சத்தம் கேட்கக் கூடாதாம். கதவு அண்ணன் இப்போது கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குள் நிற்கிறார். நோயாளி யாரும் இல்லை. சலவை மூட்டையும் ஆக்சிஜன் சிலிண்டரும் துணைக்கு இரண்டு சமையற்காரர்களும்தான். இந்த ஒலிபெருக்கி அங்கேயும் கேட்கும். கதவு அண்ணே! எடுங்க!

பொறுங்கள். லிஃப்ட் ஏறுகிறது. தலைவர் அவர்களே, கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள்.

முப்பத்தொன்று!

முப்பத்தொரு மில்லிமீட்டர்! என் மாமியாரை இடித்த அதே இரண்டு விரற்கடை! பல வாரம் வாய்மூடிக் கிடந்த பலகை வாயைத் திறந்துவிட்டது! நிர்வாக அதிகாரி எழுந்துவிட்டார். "யாருய்யா போர்டுல கை வச்சது?" என்கிறார். யாரும் கை வைக்கவில்லை ஐயா. வைத்திருந்த கையை எடுத்தோம், அவ்வளவுதான். உட்காருங்கள், மறுபடி மூச்சு வாங்கப் போகிறது. பலகையை அணைக்கப் போகும் நண்பரே, பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. தலைவரும் "இருக்கட்டும் விடுங்க" என்கிறார்.

அடுத்த தளம். இருபத்தாறு. இப்போது பெட்டி பார்க்கிறது. மாதிரி இங்கே, நான் அங்கே, ஏன் இந்த இடைவெளி என்று நெடுநாள் கழித்துக் கேட்கிறது. ஒரே பாய்ச்சலில் ஏன் சரியாகவில்லை என்கிறீர்களா? அங்கேதான் பக்குவம். குழம்பில் உப்புக் குறைகிறது என்றால் ஒரு கிள்ளு போட வேண்டும். நான் கல்யாணமான புதிதில் ஒரு கைப்பிடி போட்டேன். மறுநாள் கரிக்கிறது என்றார்கள், உப்பே போடவில்லை. அதற்கு மறுநாள்? அதற்கு மறுநாள் அத்தையே சமைத்தார்! அவசரமாகத் திருத்துகிறவன் பிழையை விரட்டுவதில்லை, பிழையோடு ஊஞ்சல் ஆடுகிறான். எங்கள் பெட்டி கிள்ளிக் கிள்ளிப் போடும்.

பதினெட்டு. இப்போது, நான் சொல்லிவைத்தபடி, சலவை மூட்டையை இறக்கிவிட்டார்கள், பாரம் குறைந்துவிட்டது, பாருங்கள், இருபதுக்கு ஏறிவிட்டது. ஏறட்டும்! பாரம் மாற மாறத்தான் பெட்டிக்குப் பாடம். வெறுமனே நின்றால் எதையும் கற்காது. பதினொன்று. கைதட்டுங்கள், ஆனால் எனக்காக அல்ல. ஆறு. சலவைக்கூடத்துச் சகோதரி தலை நிமிர்ந்துவிட்டார்.

இப்போது கேட்கிறேன், குழுவின் பெருமக்களே! லிஃப்டுக்குள் இருப்பது யார்? கதவு அண்ணன். பொத்தானை அமுக்குவது யார்? கதவு அண்ணன். எந்த விரல்? நான் அவரைக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, கட்டை விரலாலயே அமுக்குங்க." அதே ஆள், அதே விரல், அதே பொத்தான், அதே கயிறு. மாறியது என்ன? இந்த முழ நீள மஞ்சள் வயர்! விரல் உதைத்திருந்தால் முப்பத்தொன்று எப்படி ஆறாகும்? ஆறு எப்படி நான்காகும்? அதோ, நான்கு!

அத்தை, எங்கே கிளம்பிவிட்டீர்கள்?

சபையோரே, ஒரு சிக்கல். இன்று "அந்த லிஃப்ட்ல இனி என் கால் படாது" என்று சபதம் செய்து, நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிவர, படிக்கட்டில் பல்லக்குப் போல வந்தவர் என் மாமியார். இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "நீ பேசிக்கிட்டே இரு. மூட்டைக்கு என்னடி வலி தெரியும்? நான் ஏறிப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்கிறார்! தாதித் தங்கையே, நாற்காலியைத் தள்ள வேண்டாம்! தள்ளிவிட்டாயா? அத்தை, இன்னும் ரெண்டு தடவை மூட்டை போய் வரட்டுமே! கேட்க மாட்டார். கேட்டால் அவர் என் அத்தை இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒளிப்பானேன்? என் கணக்கு தவறினால் ஒரு மனிதர் வேலை இழப்பார். அந்த அம்மாள் மறுபடி துடிப்பார். நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

அவர் வரும்வரை பேசச் சொல்லியிருக்கிறார், பேசுகிறேன். குறையே இல்லாத நாளைக் கொண்டாடுகிறோம். குறை சொல்கிறவன் வாயைக் கட்டினாலும் அந்த நாள் வந்துவிடும், குறையைத் தீர்த்தாலும் அந்த நாள் வந்துவிடும். பலகைக்கு இரண்டும் ஒன்றே. படுக்கையில் கிடப்பவனுக்கு ஒன்றா? பாலுக்கு அழும் பிள்ளையைத் தட்டித் தூங்க வைத்துவிட்டு "பசியை ஒழித்தோம்" என்பவளைத் தாய் என்பீர்களா? காய்ச்சல்காரன் வாயிலிருந்து வெப்பமானியைப் பிடுங்கிவிட்டு "காய்ச்சலை ஒழித்தோம்" என்பவரை மருத்துவர் என்பீர்களா? மாதிரியை உயரத்தில் வையுங்கள்! உண்மையைப் பக்கத்தில் வையுங்கள்! இரண்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளியைக் கண்ணை மூடாமல் பாருங்கள்! அந்த இடைவெளியில்தான் மனிதன் வளர்கிறான். மாதிரியை இழுத்து நம் காலடியில் போட்டுவிட்டு "எட்டிவிட்டோம்" என்று எக்காளமிட்டால், ஏமாறுவது எட்டாத உயரமா, எக்காளமிட்ட நாமா?

பலகை மாறுகிறது. ஐந்து. என் மாமியார் ஏறிவிட்டார் போலிருக்கிறது. அந்த ஓர் எண் கூடியது எடைக்கு அல்ல, மரியாதைக்கு. மூன்று. இரண்டு. இரண்டிலேயே நிற்கிறது. பூஜ்யம் அல்ல, இரண்டு. நிஜமான கயிற்றில், நிஜமான பாரத்தோடு, நிஜமான இரண்டு! பல வாரப் பூஜ்யத்தைக் கொட்டிக் கொடுத்தாலும் இந்த இரண்டை நான் தர மாட்டேன்.

வாசலைப் பாருங்கள். சத்தம் கேட்கிறதா? "கதவு, கதவு, கை உள்ளே." நாற்காலி வருகிறது. பின்னால் தள்ளிக்கொண்டு வருவது கதவு அண்ணன்.

அத்தை, என்ன ஆச்சு? வலித்ததா?

"கதவுதான் கொஞ்சம் கிரீச்சுங்குது. எண்ணெய் விடச் சொல்லு."

அதை விடுங்கள் அத்தை. உதைத்ததா?

"உதைக்கல."

கேட்டீர்களா! "உதைக்கல"! இத்தனை வருஷத்தில் என் மாமியார் என் வேலைக்குக் கொடுத்த முதல் சான்றிதழ்! கேடயம் எதற்கு எனக்கு? தலைவர் அவர்களே, சாட்சி சொல்லியாகிவிட்டது. தீர்ப்பு உங்கள் கையில், நனைந்த கோப்புக்குள் இருக்கிறது.

தலைவர் கோப்பைத் திறக்கிறார். ஆணையை எடுக்கிறார். அமைதி, அமைதி. கதவு அண்ணே, உட்காருங்கள். நிற்கிறார், உட்கார மாட்டார். தலைவர் பேனாவைத் தேடவில்லை. காகிதத்தை இரண்டாக மடிக்கிறார். நான்காக மடிக்கிறார். எட்டாக மடிக்கிறார். என்ன செய்கிறார்? குனிகிறார்! மேசைக் காலுக்கு அடியில் சொருகிவிட்டார்!

என்ன சொல்கிறீர்கள் அம்மா, மைக்கில் சொல்லுங்கள்: "ரொம்ப நாளா ஆடுது. இன்னிக்குத்தான் பார்த்தேன்" என்கிறார்.

இதோ, இரண்டு கையையும் ஊன்றிப் பார்க்கிறேன். ஆடவில்லை! கதவு அண்ணன் தன் லிஃப்டோடு இருப்பார். ஆணை மேசைக்குக் கீழே இருக்கும். பாராட்டாமல் இறங்க மாட்டேன் என்றேனே, பாராட்டிவிட்டேன்: பிழையைப் பார்த்த அந்தக் கண்ணை, திருத்திய அந்தக் கையை! குழுவின் பெருமக்களே, கேடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடை அதிகம், படியில் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். கீழே போக நல்ல லிஃப்ட் இருக்கிறது, கதவு அண்ணன் இருக்கிறார். ஏறும்போது கை மட்டும் உள்ளே இருக்கட்டும்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கைதட்ட முடியாமல் தலையாட்டியே களைத்த தாய்மார்க்கும், அழைக்கும்போது என்ன பேசுவேன் என்று கேட்காமலே அழைத்த விழாக் குழுவினர்க்கும் என் நன்றி. வணக்கம்!